ஊற்றின் வேகத்தில் ஓடட்டும் மோட்டார்

சேர்வராயன் மலையில் எரிவாயு கிடையாது, கிடைக்கவும் வழியில்லை. ஏற்காடு உட்கார்ந்திருப்பது சார்னோகைட் என்ற கரும்பாறையின் மேல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் இருந்த கல்லை ஆராய்ந்து, சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதிப் பாறையும் அதுவும் ஓரினம் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் வைத்த பெயர் அது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய அந்தப் பாறையில் எண்ணெயும் வாயுவும் தங்க இடமில்லை. தண்ணீர் தங்குவதற்கே இடம் குறைவு. ஆனாலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை நடத்துகிறவர்கள் கடந்த அரை நூற்றாண்டில் கற்றுக்கொண்ட ஒரு பாடம் இந்த மலையின் காப்பித் தோட்டங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் ஊராட்சிக் குடிநீர்த் தொட்டிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. கிணறு இந்த நேரத்தில் எவ்வளவு கொடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கே இயந்திரத்தை ஓட்டுவது என்பதுதான் அந்தப் பாடம். நம் ஊரில் தானியங்கி என்ற பெயரில் விற்பனையாகும் கருவிகளில் பெரும்பாலானவை இதைச் செய்வதில்லை. தூரத்தில் இருந்துகொண்டே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் அவை உதவுகின்றன. அது வசதிதான். ஆனால் வற்றிக்கொண்டிருக்கும் போர்வெல்லை வீட்டில் இருந்தபடியே வற்றடிக்கும் வசதியாகவும் அது ஆகிவிடக்கூடும்.

ஏற்காட்டின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். ஆண்டு மழையும் சராசரியாக 1,500 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. கீழே சேலம் நகரம் பார்க்காத மழை. பெய்வதில் பெரும்பகுதி மலையில் நிற்பதில்லை. திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள்ளும், சரபங்காவாக ஓமலூர்ப் பக்கமும், வாணியாறாகத் தர்மபுரி மாவட்டத்துக்குள்ளும் இறங்கிவிடுகிறது. தங்குவது இரண்டு இடங்களில் மட்டும். ஒன்று, பாறை நைந்து மண்ணாகிப்போன மேலடுக்கு. மற்றது, அதற்கும் கீழே கெட்டிப்பாறையில் ஆங்காங்கே ஓடும் வெடிப்புகள். மேலடுக்கில் நின்ற தண்ணீரைத்தான் பழைய திறந்த கிணறுகளும் ஓடை ஊற்றுகளும் காலம்காலமாகக் கொடுத்துவந்தன. ரிக் வண்டி மலையேறிய பிறகு வெடிப்பைத் தேடும் காலம் வந்தது. இந்தியா முழுவதும் போர் போடப் போகிற வண்டிகளின் தலைநகரமான திருச்செங்கோடு, ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 300 அடியில் ஒரு வெடிப்பு, 520 அடியில் இன்னொன்று, அதற்குப் பிறகு 800 அடி வரை வெறும் புகை என்பது இப்படிப்பட்ட பாறையில் வழக்கமாக நடக்கிற கதை. மணற்பாங்கான டெல்டாவில் கிணற்றைச் சுற்றியுள்ள பூமி முழுவதும் தண்ணீரைக் கொடுக்கும். இங்கே இரண்டு மூன்று விரற்கடைப் பிளவுகள் கொடுப்பதுதான் வரத்து. அந்தப் பிளவுகளின் வரத்து மழைக்காலத்துக்கு ஒன்று, மே மாதத்துக்கு வேறொன்று.

போர் போட்ட அன்று தண்ணீர் பீறிட்டு வருவதைப் பார்த்து "ரெண்டு இன்ச் தண்ணி" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்த ஒரு நாள் கணக்கை வைத்து மோட்டாரின் குதிரைத்திறன் முடிவாகிறது. அந்த மோட்டார் பத்து, பதினைந்து ஆண்டுகள் உள்ளே கிடக்கிறது. வரத்து மாறிக்கொண்டே இருக்கும், மோட்டார் மாறாது. இதில் எங்கே பிழை வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆறரை அங்குல போரில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். மோட்டாருக்கு மேல் 300 அடி தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், சேமிப்பு 2,000 லிட்டர்கூட இல்லை. பாறை மணிக்கு 3,600 லிட்டர் ஊறுகிறது, மோட்டார் மணிக்கு 9,000 லிட்டர் இழுக்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 90 லிட்டர் பற்றாக்குறை. 22 நிமிடத்தில் போர் காலி. பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால்தான் பழைய மட்டம் திரும்பும். நாள் முழுவதும் இப்படிப் போட்டுப் போட்டு நிறுத்தினாலும் கிடைக்கிற மொத்தத் தண்ணீர், மணிக்கு 3,600 லிட்டர் இழுக்கும் சிறிய மோட்டார் நிற்காமல் ஓடிக் கொடுப்பதைவிட ஒரு குடம்கூட அதிகமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் மட்டம் ஏறி நிற்கும் நேரங்களில் பாறையின் ஊற்று மந்தமாகிறது. பெரிய மோட்டார் அதிகத் தண்ணீர் தரும் என்ற நம்பிக்கைக்குக் கெட்டிப்பாறை நிலத்தில் ஆதாரமே இல்லை. குழாய் வாயில் தெரிகிற வேகம்தான் அதிகம்.

காலியான போரில் மோட்டார் தொடர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்பது காயில் கட்டுகிற ஒவ்வொரு பட்டறைக்கும் தெரியும். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிரவைப்பதும் பம்பின் புஷ்களை வழுக்கலாக வைப்பதும் அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது நின்றால் சூடேறி, தேய்ந்து, கடைசியில் காயில் போகும். வெடிப்புக்குக் கீழே மட்டம் இறங்கிவிட்டால், மேலிருந்து அருவியாய் விழும் தண்ணீரோடு காற்றும் மண்ணும் கலந்து பம்புக்குள் போகின்றன. சமவெளியில் எரிந்த மோட்டாரைத் தூக்க ஒரு வண்டி வந்தால் வேலை முடிந்தது. சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடிகளுக்கு நடுவே, சரிவில் இருக்கும் போருக்கு அந்த வண்டி போகாது. முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, ஆட்கள் சேர்ந்து குழாய் குழாயாகக் கழற்ற வேண்டும். மலையில் ஒரு மோட்டார் எரிவதன் செலவில் காயில் கட்டும் கூலி சிறிய பங்குதான்.

இந்த நீர்மூழ்கி பம்புக்கு எண்ணெய் வயலோடு நெருங்கிய உறவு உண்டு. ரஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்மைஸ் அருட்டுனாஃப், கிணற்றுக்குள்ளேயே மூழ்கி ஓடும் மின்மோட்டாரை 1920களின் பிற்பகுதியில் கான்சாஸ் மாநில எண்ணெய் வயலில் இறக்கிக் காட்டினார். ரெடா என்ற அவருடைய நிறுவனத்தின் பெயரே ரஷ்ய மின் டைனமோ என்பதையும் அவர் பெயரையும் சேர்த்துச் சுருக்கியதுதான். எண்ணெய் தானாகப் பீறிடுவது நின்றபின் அதை மேலே கொண்டுவருவதற்கான வழிகளில் அது ஒன்று. தலையாட்டிக்கொண்டு நிற்கும் நெம்புகோல் பம்பு இன்னொன்று. நெம்புகோல் பம்பிலும் நம்முடைய பிரச்சினையேதான். கிணற்றில் எண்ணெய் ஊறுவதைவிடப் பம்பு வேகமாக இழுத்தால், பாதி காலியான உருளைக்குள் பிஸ்டன் மோதி, கம்பிகள் அதிர்ந்து உடையும். முதலில் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள்: இத்தனை நிமிடம் ஓடு, இத்தனை நிமிடம் நில். கிணற்றின் வரத்து கடிகாரத்துக்குக் கட்டுப்படவில்லை. 1970களில் கம்பியின் மேல் விழும் சுமையை ஒவ்வொரு இழுப்பிலும் அளந்து, உருளை நிறையவில்லை என்று தெரிந்தவுடன் தானே நிறுத்தும் கருவிகள் வந்தன. எத்தனை நேரம் ஓடுவது என்பதை அதன்பிறகு கிணறே முடிவு செய்தது.

எரிவாயுக் கிணற்றில் கதை இன்னும் நுட்பமானது. இளம் கிணற்றில் வாயு வேகமாக மேலேறும்போது கூடவே வரும் நீரையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். ஆண்டுகள் போகப்போக அழுத்தம் குறைந்து வேகம் ஓர் எல்லைக்குக் கீழே வந்தால், நீர்த்துளிகள் திரும்பி விழுந்து அடியில் தேங்கும். தேங்கிய நீரின் எடையே வாயுவை அடக்கிவிடும். அந்த எல்லை வேகத்தை எப்படிக் கணக்கிடுவது என்று டர்னரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1969இல் எழுதிய கட்டுரை இன்றும் அந்தத் துறையின் அரிச்சுவடி. தேங்கிய நீரை வெளியேற்றக் குழாய்க்குள் ஓர் இரும்பு உருளையை விடுகிறார்கள். வாயிலை அடைத்தால் அடியில் அழுத்தம் சேரும். திறந்தால் அந்த அழுத்தம் உருளையை மேலே தள்ள, அதன் தலைமேல் இருக்கும் நீர் வெளியேறும். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. உருளை மேலே வந்துசேர எடுத்த நேரத்தையும் குழாயின் அழுத்தத்தையும் பார்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த நேரத்தைத் திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவிகள் வருவதற்கு முன், ஊழியர்கள் கிணற்றைத் திறந்துவிட்டு வாயுவை வானத்தில் கலக்கவிட்டு நீரை வெளியேற்றுவார்கள். அமெரிக்காவின் சான் உவான் படுகையில் பிபி நிறுவனம் ஏறத்தாழ 2,200 கிணறுகளில் இந்தத் தானியங்கி முறையை வைத்தபோது, 2000க்கும் 2004க்கும் இடையில் அப்படி வீணாகும் வாயு சுமார் பாதியாகக் குறைந்தது. புதிதாக ஒரு கிணறும் தோண்டாமல், இருக்கிற கிணற்றின் போக்கைக் கவனித்ததால் கிடைத்த பயன் இது.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை அந்நியமில்லை. காவிரிப் படுகையில் நரிமணமும் குத்தாலமும் ராமநாதபுரம் மாவட்டக் கிணறுகளும் உண்டு. வழுதூரிலும் குத்தாலத்திலும் மின்நிலையங்கள் உள்ளூர் வாயுவில் ஓட அமைக்கப்பட்டவை. மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு 2010இல் ஒப்பந்தம் ஆனதும், டெல்டா எதிர்த்ததும், மாநில அரசு 2015இல் அதற்குத் தடை விதித்ததும் நினைவிருக்கும். அந்த எதிர்ப்பின் மையத்தில் இருந்தது ஒரு கிணற்றியல் உண்மை: நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் வர வேண்டுமானால் முதலில் அங்குள்ள நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். ஓரிடத்தில் இறைத்தால் வேறோரிடத்தில் மட்டம் இறங்கும் என்பது டெல்டா விவசாயிக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிராத விஷயம். அதே விழிப்பு சொந்தப் போரின் விஷயத்தில் நமக்கு ஏனோ வருவதில்லை.

செல்போனில் மோட்டார் போடும் கருவி இந்தியாவுக்குப் புதிதல்ல. புனேயில் உருவான நானோ கணேஷ் 2009இல் நோக்கியாவின் பன்னாட்டுப் போட்டியில் பரிசு பெற்றது. அதற்குப் பிறகு கோயம்புத்தூர்ப் பம்புத் தொழிலும் அதன் சுற்றுவட்டாரமும் எத்தனையோ வகைகளை இறக்கிவிட்டன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமும் தருகிறது. இதை இளக்காரமாகப் பேசுவது நியாயமில்லை. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் ஊரில், காட்டெருமை நடமாடும் தோட்டத்தில், வயதானவர்களும் பெண்களும் டார்ச் லைட்டோடு சரிவில் இறங்கவேண்டிய கட்டாயத்தை இந்தக் கருவி நீக்கியிருக்கிறது. பாம்புக்கடியிலிருந்தும் மின் அதிர்ச்சியிலிருந்தும் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. ஆனால் இந்தக் கருவி வைத்திருக்கும் அறிவு, மின்சாரம் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துபோகிறது. நல்ல வகைகள் தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும். நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் போட வேண்டும் என்று கேட்டால் மறுபடியும் அந்தப் பழைய கடிகாரம்தான், வாங்கிய அன்று கடைக்காரர் வைத்துக்கொடுத்த நிமிடம். இதைவிட மோசம், மின்சாரம் வந்தவுடன் தானே ஓடும்படி "ஆட்டோ"வில் போட்டுவைப்பது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்ப, மின்னழுத்தம் சரிய, குறைந்த அழுத்தத்தில் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காயில் எரிய, பழி மின்வாரியத்தின் மேல் விழுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிணற்றின் நிலையைச் சொல்ல முந்நூறு அடி ஆழத்தில் சென்சார் இறக்க வேண்டிய அவசியம்கூடப் பெரும்பாலும் இல்லை. மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களே செய்தியைக் கொண்டுவருகின்றன. பம்பு தண்ணீர் தூக்கும்போது ஓர் ஆம்பியர், காற்று கலந்தால் துடிக்கும் ஆம்பியர், காலியானால் சரிந்துபோன ஆம்பியர். ஸ்டார்ட்டர் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இதை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டு, ஆம்பியர் சரிந்தவுடன் நிறுத்தி, எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை 30 நிமிடம் காத்திருந்து போட்டால் 12 நிமிடம் ஓடியது, 50 நிமிடம் காத்திருந்தால் 17 நிமிடம் ஓடியது என்ற பதிவுகளிலிருந்து அந்த வாரத்தின் ஊற்று வேகம் கிடைத்துவிடும். அதற்கேற்பக் காத்திருக்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும். எரிவாயுக் கிணற்றின் இரும்பு உருளைக்குச் செய்ததும் இதே வேலைதான். இதற்குத் தேவையான மின்னணுப் பொருள், இன்று சந்தையில் இருக்கும் கருவிகளுக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கிறது. இல்லாமல் இருப்பது அதைக் கேட்டு வாங்கும் வழக்கம்.

மோட்டாரின் வேகத்தையே குறைத்து ஊற்றுக்கு ஒத்துப்போகச் செய்யலாமே என்று பொறியாளர்கள் கேட்பார்கள். செய்யலாம், ஓர் எல்லை வரை. பம்பு தள்ளும் உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 150 மீட்டர் தள்ளக்கூடிய பம்பு 110 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்குகிறது என்றால், ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சொட்டும் மேலே வராது. மோட்டார் சும்மா சுற்றிச் சூடாகும். ஆழம் அதிகமாக அதிகமாக இந்த இடைவெளி சுருங்குகிறது. ஆகவே வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மலைக்குச் சர்வரோக நிவாரணியாக விற்க வருகிறவரிடம் இந்த ஒரு கணக்கைக் கேட்டால் போதும். பல இடங்களில் மோட்டாரைச் சிறியதாக்குவதே மலிவான தீர்வு. எவ்வளவு சிறியது என்பதைச் சொல்ல ஓர் ஆண்டின் பதிவு கையில் இருக்க வேண்டும்.

காப்பிக்கு இந்தப் பதிவு என்ன செய்யும் என்பதையும் பார்க்கலாம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர் அது. மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்து, எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூத்தால்தான் அடுத்த அறுவடை நிச்சயம். மழை ஏமாற்றினால் தெளிப்பு நீர் போட வேண்டும். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல மழைக்கு ஈடான தண்ணீர் என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். மணிக்கு 3,600 லிட்டர் ஊறும் போர் தினம் பத்து மணி நேரம் ஓடினாலும் ஏக்கருக்கு மூன்று நாள். பத்து ஏக்கருக்கு ஒரு மாதம். மார்ச்சில் அந்த ஊற்று பாதியாகிவிட்டால் இரண்டு மாதம், அதற்குள் பூக்கும் பருவமே தாண்டிவிடும். ஜனவரியிலிருந்தே ஊற்று வாரத்துக்கு வாரம் எப்படிக் குறைகிறது என்று தெரிந்த தோட்டக்காரர், எத்தனை ஏக்கரைக் காப்பாற்ற முடியும், குளத்தில் எவ்வளவு முன்கூட்டிச் சேர்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்யலாம். தெரியாதவர் ஏப்ரலில் இன்னொரு போர் போடுவார். மலைக்கு ஒரு சாதகமும் உண்டு: உச்சியில் தொட்டி கட்டி நாள் முழுவதும் மெல்ல ஏற்றிவைத்தால், பாசனத்தை இறக்கத்தின் அழுத்தமே பார்த்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் ஊரில் கேட்கும் முதல் பதில், மின்சாரமே இலவசம், யார் மெனக்கெடுவார்கள் என்பது. 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். இணைப்புகள் 23 லட்சத்துக்கு மேல். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் தூக்கக் கணக்குப்படி கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம் போதும். 35 சதவீதத் திறனில் ஓடும் பம்பு முக்கால் யூனிட்டுக்கு மேல் எடுக்கிறது. அந்த வித்தியாசம் விவசாயியின் பையிலிருந்து போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் மோட்டார் அவருடையது, போர் அவருடையது, ஆட்களின் கூலி அவருடையது, பூக்காத செடியும் அவருடையது. தானியங்கியின் லாபத்தை மின் கட்டணத்தில் தேடுவதே தவறான இடம். மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க விரும்பினால் பஞ்சாப் 2018இல் தொடங்கிய திட்டம் ஒரு வழி காட்டுகிறது: இலவசத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒதுக்கீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. இந்தக் கருவி மோட்டாரைக் காப்பாற்றும், தண்ணீரைக் காப்பாற்றுமா? எரிவாயுக் கம்பெனிக்குக் கடைசிச் சொட்டு வரை எடுப்பதுதான் குறிக்கோள். அதற்காக உருவான அறிவை நிலத்தடி நீரில் பயன்படுத்தினால், ஊறுவது முழுவதையும் ஒன்றுவிடாமல் உறிஞ்சும் திறமைதான் கூடும். இரவு பகலாகக் கருவி அயராமல் இழுக்கும். மனிதன் தூங்கிய நேரத்தில் மட்டம் ஏறிய பழைய காலமும் போய்விடும். இந்த ஆட்சேபம் சரிதான். 2020 நிலத்தடி நீர் மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 ஏற்கெனவே மிகைநுகர்வுப் பட்டியலில் இருந்தன. 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டத்தை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவராமலேயே 2013இல் விலக்கிக்கொண்ட மாநிலம் இது. மலையில் வெடிப்பு நீரைச் சுரண்டினால் அது வாணியாற்றின் கோடை ஓட்டத்திலும் அடிவாரக் கிணறுகளிலும் தெரியும்.

ஆனால் அளக்காமல் விட்டதாலும் அந்த நீர் காப்பாற்றப்படவில்லையே. ஆந்திரத்தில் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் துணையோடு ஏழு வறட்சி மாவட்டங்களில் நடந்த விவசாயிகள் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டத்தில், கிணற்று மட்டத்தையும் மழையையும் விவசாயிகளே அளந்தார்கள். ஊர் கூடி அந்தப் பருவத்தின் நீர்க்கணக்கைப் போட்டார்கள். எந்தப் பயிர் வைப்பது என்பதை அவரவரே முடிவு செய்தார்கள். கட்டாயமும் இல்லை, மானியமும் இல்லை. பல ஊர்களில் நெல் பரப்பு குறைந்து நீர் குறைவாகக் கேட்கும் பயிர்கள் கூடின. கயிறும் நோட்டும் வைத்து அவர்கள் எடுத்த எண்ணை, கருவி தினம் தினம் எடுத்துக் கொடுக்கும். அதை வைத்து என்ன செய்வது என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் அந்தப் பொத்தான் கிடையாது. ஊற்றில் எத்தனை பங்கை எடுப்பது, எத்தனை மணி நேரம் போரைச் சும்மா விடுவது என்று ஓர் உச்சவரம்பை ஊராட்சி வகுத்தால், அதைக் கருவியில் வைப்பது எளிது. வரம்பில்லாமல் கருவியை மட்டும் பரப்பினால் ஆட்சேபம் சொன்னவர்கள் சொன்னபடியே நடக்கும்.

எண்ணை எடுத்தால் அரசாங்கம் மீட்டர் போட்டுக் கட்டணம் கேட்கும் என்ற பயம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. மின்கட்டணப் போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரிலும், 1972இல் இதே சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்திலும் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த நினைவு இருக்கும் மண்ணில், மானியக் கருவி அளக்கும் எண் நேராகச் சென்னைக்குப் போகும் என்றால் முதல் வாரமே அதன் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்குவதில் நியாயமும் இருக்கும். எண் போர்க்காரருக்குச் சொந்தம், ஊருக்குப் போவது பெயரில்லாத கூட்டுத்தொகை என்பதை மானிய விதியிலேயே எழுத வேண்டும். சூரியசக்தி பம்புகளில் தொலைக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாகிவிட்ட நிலையில், இந்த விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட நேரமில்லை. சிக்னல், இடி, பழுது பற்றிய கவலைகளுக்குச் சுருக்கமான பதில் உண்டு. முடிவெடுப்பது பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும், சிக்னல் கிடைக்கும்போது செய்தி போனால் போதும். இடிதாங்கியும் நல்ல எர்த்தும் இல்லாமல் மலையில் எந்த மின்னணுக் கருவியையும் பொருத்தக் கூடாது. சேலத்தில் பழுது பார்க்க முடியாத பெட்டிக்கு மானியம் கொடுக்கக் கூடாது.

ஏற்காட்டில் தொடங்குவதற்குப் பொருத்தமான இடம் தனியார் தோட்டமல்ல. மலையின் 67 கிராமங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் ஊராட்சிப் போர்கள்தான். அவற்றுக்கு மின்சாரம் இலவசமில்லை, பில் ஊராட்சிக்கு வருகிறது. மோட்டார் எரிந்தால் ஊரே குடத்தோடு நிற்கிறது. கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும் மே மாதமும் ஊற்று மிகவும் தளரும் மாதமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அடுத்த வரிசையில் விடுதிகள் நிற்க வேண்டும், ஏனென்றால் விடுதிக்காரர்களுக்குக் கருவியின் விலை ஒரு பொருட்டல்ல, இழுக்கும் அளவோ பொருட்டு. தோட்டங்களுக்கான முறையை ஏற்காட்டிலேயே இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் காப்பி, மிளகு இரண்டுக்கும் சோதித்துச் சொல்லலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு. பேனல் போர்டில் ஏற்கெனவே ஓர் ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. மோட்டார் போட்ட நேரம், முள் சரிந்த நேரம், மறுபடி போட்டது எத்தனை நிமிடம் கழித்து, இந்த முறை எத்தனை நிமிடம் ஓடியது என்று நான்கு எண்களை வாரத்துக்கு ஒரு நாள் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதிவந்தால் போதும். டிசம்பரில் எழுதியதையும் மே மாதத்தில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவரும், அடுத்து வாங்கப்போகும் மோட்டாருக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கடைக்காரரிடம் கேட்க மாட்டார், தானே சொல்லிவிடுவார்.